வருடா வருடம் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறோம்: பட்டர்வொர்த்திலிருந்து இங்கிலாந்து போகும் பெற்றோருக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் கணவரும் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வீடு மலேசியாவில், பினாங்கு மாநிலம், பட்டர்வொர்த்தில். மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் இருக்கிறார்கள். மகன் அயர்லாந்தில், டப்ளினில் மருத்துவராக இருக்கிறான். 2016 முதல் ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் மூன்றாம் வாரம் கிளம்பி, வழக்கமாக அக்டோபர் கடைசியில் திரும்புகிறோம். 2020, 2021 இரண்டு வருடம்தான் போக முடியவில்லை. தாமானிலும் (குடியிருப்பிலும்) கோவிலிலும் கல்யாண வீட்டிலும் இதைப் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, போவதா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

விசேஷம் ஒன்றும் இல்லையே, எதற்கு வருடா வருடம் போகிறீர்கள்?

முதல் தடவை நாங்கள் போனது 2015 பிப்ரவரியில், பேத்தி பிறந்தபோது. பத்திய சமையல், குழந்தையைக் குளிப்பாட்டுவது, துணி காய வைப்பது என்று ஆறு வாரம் ஓடிப்போனது. திரும்பி வரும் வழியில்தான் ஒன்று உறைத்தது. என் மகள் காலையில் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள், வந்ததும் முதலில் என்ன செய்கிறாள், யாரோடு பழகுகிறாள், எதுவுமே எனக்குத் தெரியவில்லை. அவள் வீட்டில் ஆறு வாரம் இருந்துவிட்டு அவளைப் பார்க்காமலே வந்திருந்தேன்.

நான் தோட்டத்தில் (எஸ்டேட்டில்) பிறந்து வளர்ந்தவள். என் மாமாமார்கள் வேறு தோட்டங்களில் இருந்தார்கள். நல்லது கெட்டது என்றால் மட்டும்தான் பார்த்துக்கொள்வோம். கல்யாணத்தில் பந்தி கவனிக்க வேண்டும், சாவு வீட்டில் அழ வேண்டும். உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. கடைசி மாமா காலமானபோது, அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று என் அம்மாவுக்கே சொல்லத் தெரியவில்லை. என் பிள்ளைகளோடு எனக்கு அப்படி ஆகக்கூடாது என்று முடிவு செய்தேன். அதனால் காரணமே இல்லாமல், தேதி மட்டும் குறித்துக்கொண்டு போகிறோம். பிரசவம், ஆபரேஷன் என்று கூப்பிட்டால் அதற்கும் போவோம். ஆனால் அது இந்தக் கணக்கில் சேராது.

ஏன் செப்டம்பர், அக்டோபர்? கோடையில் போனால் குளிர் இருக்காதே?

கோடையில் பள்ளி விடுமுறை. எல்லோரும் எங்காவது சுற்றப் போவார்கள், நம்மையும் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள், டிக்கெட் விலையும் ஏறும். செப்டம்பரில் பள்ளி திறந்துவிடும். வீடு வழக்கமான ஓட்டத்துக்கு வந்துவிடும். அந்த ஓட்டத்தில் போய் உட்காரத்தான் நாங்கள் போகிறோம்.

பருவமும் அழகுதான். செப்டம்பர் கடைசியில் இரவும் பகலும் ஏறக்குறைய சமமாக இருக்கும். மாலை ஏழு மணிக்கு இருட்டும், நம் ஊர் மாதிரியே. அப்புறம் ஒவ்வொரு நாளும் மூன்று நான்கு நிமிடம் பகல் குறையும். பகல் குறைந்து குளிர் ஏற ஏற மரங்கள் இலைக்குப் பச்சை கொடுப்பதை நிறுத்திக்கொள்கின்றன. உள்ளே ஒளிந்திருந்த மஞ்சள் அப்போதுதான் வெளியே தெரிகிறது. வருடம் முழுவதும் ஒரே பச்சையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது பெரிய விஷயம். முதல் வருடம் என் கணவர் ஒரே மரத்தைத் தினமும் காலையில் ஜன்னல் வழியாகப் படம் எடுத்தார். 38 படம் இருக்கிறது.

விசா வேண்டுமா?

மலேசியக் கடவுச்சீட்டுக்கு ஆறு மாதத்துக்குள்ளான வருகைக்கு விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் இ.டி.ஏ. என்னும் மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். கைப்பேசிச் செயலியிலேயே எடுக்கலாம். ஆரம்பத்தில் 10 பவுண்டு, 2025 ஏப்ரலில் 16 ஆக்கினார்கள். இரண்டு வருடத்துக்குச் செல்லும், எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வரலாம். ஆனால் அது கடவுச்சீட்டோடு கட்டப்பட்டது. கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் இதையும் புதிதாக எடுக்க வேண்டும். அதனால் கடவுச்சீட்டு முடியும் தறுவாயில் இருந்தால் முதலில் அதைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அதற்கு 200 வெள்ளி (ரிங்கிட்) இல்லை, 100 வெள்ளிதான். இது தெரியாமலே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அயர்லாந்து தனி நாடு. அங்கே மலேசியர்களுக்கு 90 நாள் வரை விசா இல்லாமல் அனுமதி உண்டு. லெஸ்டரிலிருந்து மகனைப் பார்க்க டப்ளின் போய்விட்டு வரும்போது இதே இ.டி.ஏ. தான் பயன்படும். பினாங்கிலிருந்து டப்ளினில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் பல. இங்கே ஜார்ஜ்டவுனில் 1996இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி டப்ளின் கல்லூரிகளோடு சேர்ந்தது, அங்கே பாதி இங்கே பாதி என்று படிப்பார்கள். எங்கள் மகனும் அந்த வழியில் போனவன்தான்.

பெயரில் இருக்கும் ஏ/எல், ஏ/பி தொல்லை கொடுக்குமா?

கொடுக்கும், கவனமாக இல்லாவிட்டால். நம் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று தனியாக எதுவும் இல்லை. நம் பெயர், நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி (இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம்), அப்புறம் அப்பா பெயர். எல்லாம் ஒரே வரியில் இருக்கும். டிக்கெட் எடுக்கும் இடத்தில் சாய்வுக்கோடு ஏறாது. ஒருவர் அதை ஒட்டி எழுதுவார், இன்னொருவர் விட்டுவிடுவார்.

2018இல் ஒரு முகவர் என் டிக்கெட்டில் அப்பா பெயரை எடுத்துவிட்டு என் கணவர் பெயரைப் போட்டுவிட்டார். கணவன் மனைவி என்றால் ஒரே பெயர்தானே என்று நினைத்திருக்கிறார். பயணத்துக்கு மூன்று நாள் முன்புதான் பார்த்தோம். மாற்றுவதற்குக் கட்டணமும் கட்டி, இரண்டு இரவு தூக்கமும் போனது. அதிலிருந்து டிக்கெட் கைக்கு வந்த அன்றே கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கடவுச்சீட்டின் அடியில் அம்புக்குறி மாதிரி அடையாளங்களோடு இரண்டு வரி இருக்கும். அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அந்த வரிசையில் டிக்கெட்டிலும் இருந்தால் நிம்மதி.

இன்னொன்று. கணவருக்கும் எனக்கும் மகளுக்கும் மூன்று பேருக்கும் கடைசிப் பெயர் வேறு வேறு. உறவு புரியாமல் அதிகாரி கேட்கலாம். கல்யாணப் பத்திரம், மகளின் பிறப்புப் பத்திரம் இரண்டின் நகலையும் கைப்பையில் வைத்திருக்கிறேன். இதுவரை ஒரே ஒரு தடவைதான் காட்ட வேண்டி வந்தது.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இமிகிரேசன் அதிகாரி என்ன கேட்பார்?

சிங்கப்பூர்க்காரர்கள் தானியங்கிக் கதவு வழியாகப் போய்விடுவார்கள். மலேசியர்களுக்கு அது இல்லை, வரிசையில் நின்று அதிகாரியைப் பார்க்க வேண்டும். எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள், திரும்பும் டிக்கெட் இருக்கிறதா? இவ்வளவுதான் பெரும்பாலும். மகள் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் மட்டும் இருந்தால் சரியாக அந்த நேரத்தில் பேட்டரி போய்விடும்.

“பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்தோம்” என்று சொல்லலாமா என்று கேட்கிறார்கள். குடும்பத்தார் கொஞ்ச நாள் வந்து, சம்பளம் இல்லாமல் குழந்தையைக் கவனித்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு ஆயா வேலைக்கு வந்த மாதிரி பேச்சு போய்விடக்கூடாது. மகளைப் பார்க்க வந்தோம், இன்ன தேதியில் திரும்புகிறோம் என்று உள்ளதைச் சொன்னால் போதும்.

ஆறு மாதம் இருக்கலாம் என்றால் ஏன் ஆறு வாரத்தில் வந்துவிடுகிறீர்கள்?

முதல் காரணம் சட்டம். அடிக்கடி வந்து வந்து அங்கேயே குடியிருப்பது போல ஆக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை ஆறு வாரம் என்றால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டாவது காரணம் எனக்கு முக்கியம். நமக்கு இங்கே ஒரு வீடும் வாழ்க்கையும் இருக்கிறது. ஒரு வருடம் பத்து வாரம் இருந்து பார்த்தோம். எட்டாவது வாரத்தில் என் கணவர் தனக்கென்று ஒரு வேலையும் இல்லாமல் சோபாவில் உட்கார்ந்து, பட்டர்வொர்த் நண்பர்களின் வாட்ஸப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாகிவிட்டது.

என்ன சாப்பாடு எடுத்துப் போகலாம்?

இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது. பால், நெய், பால்கோவாவும் கூடாது. மீனுக்குத் தடை இல்லை, 20 கிலோ வரை கொண்டுபோகலாம். அதனால் ஈக்கான் பிலிஸ் (காய்ந்த நெத்திலி) போகிறது. முறுக்கு, அச்சு முறுக்கு போகிறது. கருவேப்பிலை, வெண்டைக்காய், முருங்கைக்காய் எல்லாம் லெஸ்டரில் பெல்கிரேவ் ரோட்டுக் குஜராத்திக் கடைகளிலேயே கிடைக்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் சம்பால் இங்கிருந்துதான் போக வேண்டும். காய்ந்த மிளகாயை ஊற வைத்து, சின்ன வெங்காயம், பூண்டு, பெலாச்சான் (இறால் விழுது) சேர்த்து அரைத்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை மெல்லிய தீயில் வதக்குவேன். அவசரப்பட்டு இறக்கினால் கெட்டுப்போகும். புளியும் சீனியும் போட்டுக் கடைசியில்தான் பொரித்த ஈக்கான் பிலிஸைக் கொட்டுவது. நன்றாக ஆறியதும் கண்ணாடிப் பாட்டில், வாயில் பிளாஸ்டிக் தாள், மேலே மூடி, இரண்டு பிளாஸ்டிக் பை, அப்புறம் கணவரின் பழைய கைலியில் சுருட்டிப் பெரிய பெட்டியின் நடுவில் வைப்பேன். கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

புரட்டாசி முழுவதும் நாங்கள் சைவம். அதனால் ஆவணி முடிவதற்குள் வதக்கிவிடுவேன். மகள் வீட்டில் பாட்டில் ஃப்ரீசருக்குப் போய்விடும், ஐப்பசி பிறக்கும் வரை யாரும் தொட மாட்டோம். மாப்பிள்ளை ஈப்போக்காரர். ஐப்பசி ஒன்றாம் தேதி காலையிலேயே சம்பாலோடு சாப்பிடும் நாசி லெமாக் சோற்றுக்குத் தேங்காய்ப்பால் வாங்கி வைத்துவிடுவார்.

மருந்து, ஆஸ்பத்திரி?

கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க கிளினிக்கில்) எங்களுக்கு ஒரு மாத மருந்துதான் ஒரு தடவையில் தருகிறார்கள். டிக்கெட்டைக் காட்டி முன்கூட்டியே கேட்டால் கூடுதலாகத் தந்திருக்கிறார்கள். பெட்டியோடும் சீட்டோடும் கைப்பையில் கொண்டுபோங்கள். சளிக்காய்ச்சல் தடுப்பூசியை இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

பயணக் காப்புறுதி இல்லாமல் தயவுசெய்து போகாதீர்கள். அங்கே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பார்ப்பதற்குப் பணம் இல்லை. ஆனால் உள்ளே படுக்க வைத்துவிட்டால், நம்மைப் போன்ற வருகையாளர்களிடம் அவர்களுடைய வழக்கமான செலவில் ஒன்றரை மடங்கு வாங்குவார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருப்பதை மறைத்துக் காப்புறுதி எடுத்தால், வேண்டிய நேரத்தில் அது கைகொடுக்காது. இருப்பதைச் சொல்லி, அதற்கும் சேர்த்து எடுங்கள்.

குளிருக்கு என்ன உடை?

இங்கே பெரிய கோட்டு வாங்க வேண்டாம். மகள் வீட்டில் எங்களுக்கென்று இரண்டு மாட்டி வைத்திருக்கிறாள். உள்ளே பருத்தி பனியன், மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் மழை ஒட்டாத கோட்டு. வழுக்காத காலணிக்கு மட்டும் பணம் பார்க்காதீர்கள். நனைந்த இலை சோப்பு மாதிரி வழுக்கும்.

எல்லோரும் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் என்ன செய்வீர்கள்?

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடிக்கும். காலையில் பேத்தியைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போவது தாத்தா, மாலை மூன்றேகாலுக்குக் கூட்டி வருவது நான். வரும் வழியில் ஒரு குதிரைக்கொட்டை மரம் இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் அதன் காய் முள்ளோடு விழுந்து பிளக்கும். உள்ளே பளபளவென்று, நெய் தடவிய மாதிரி, பழுப்புக் கொட்டை. சாப்பிட முடியாது, விஷம். பிள்ளைகள் அதில் நூல் கோத்து, ஒருவர் கொட்டையை ஒருவர் அடித்து உடைத்து விளையாடுவார்கள். பேத்திக்கு நான்கு வயதில் இரண்டு கை நிறைய பொறுக்கி என் கோட்டுப் பையில் போட்டாள். 2020இல் மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து, மலேசியர்கள் வெளிநாடு போக முடியாமல் போனதே, அந்த வருடமும் அடுத்த வருடமும் அவள் தனியாகப் பொறுக்கி வந்து வீடியோவில் தமிழில் எண்ணிக் காட்டினாள். அறுபது வரை சரியாக எண்ணினாள். மூன்று செப்டம்பரில் அந்த வழியில் நடந்து எண்ணியதுதான், வேறு பாடம் ஒன்றும் நான் எடுக்கவில்லை.

வாரக் கடைசியில் பிராட்கேட் பூங்கா. லெஸ்டருக்குப் பக்கத்தில், பாறையும் பழைய அரண்மனை இடிபாடும் உள்ள பெரிய வெட்டவெளி. மான்கள் அவிழ்த்துவிட்ட மாதிரி திரியும். அக்டோபர் அவற்றின் இணை சேரும் காலம். கலைமான்கள் கழுத்தை நீட்டி உறுமும், மாடு கத்துவது போல இருக்கும். அந்த மாதம் கிட்டே போகக்கூடாது, தள்ளி நின்றே பாருங்கள்.

நாங்கள் இருவர் மட்டும் ரயிலில் லண்டனும் போய் வருவோம், லெஸ்டரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். 60 வயது ஆனவர்கள் யாராக இருந்தாலும், வெளிநாட்டவர் என்றாலும், கடவுச்சீட்டைக் காட்டி மூத்தோர் ரயில் அட்டை வாங்கலாம். டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். நாங்கள் அதை நான்காவது வருடம்தான் தெரிந்துகொண்டோம்.

மாப்பிள்ளை வீட்டில் அத்தனை நாள் தங்குவது சங்கடமாக இல்லையா?

அவர் தங்கமானவர். ஆனாலும் அது அவருடைய வீடு. அடுப்படியில் சாமான்களை நான் இடம் மாற்றுவதில்லை. ஞாயிறு காலை பத்து மணி வரை எங்கள் அறையை விட்டு வெளியே வருவதில்லை, அது அவர்கள் இருவரும் சும்மா உட்கார்ந்து தேநீர் குடிக்கும் நேரம். நடுவில் ஐந்து நாள் டப்ளின் போய்விடுவோம், மகனுக்கும் ஆயிற்று, அவர்களுக்கும் ஒரு மூச்சு விட இடம்.

தீபாவளிக்கு எங்கே?

நாள் விழுவதைப் பொறுத்தது. 2023இல் நவம்பர் 12, இங்கே. 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, இரண்டும் அங்கே. 2026இல் நவம்பர் 8, இங்கே. அங்கே பொது விடுமுறை கிடையாது. மகள் வேலைக்குப் போக வேண்டியிருந்தால் விடியற்காலை ஐந்து மணிக்கே எண்ணெய் வைத்துவிடுவோம். மாலையில் பெல்கிரேவ் ரோடு முழுக்க விளக்கு. இருந்தாலும் திறந்த வீடு வைத்து, சீன, மலாய் நண்பர்கள் வந்து போகிற கலகலப்பு அங்கே இல்லை. அதற்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது.

இங்கே வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா). சாவி அவரிடம்தான். 2017இல் டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்று நவம்பர் நடுவில் திரும்புவதாகப் போட்டிருந்தோம். நவம்பர் 4 இரவு பினாங்கில் பேய் மழை கொட்டி மாநிலமே வெள்ளத்தில் மிதந்தது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மாக்சிக்கின் மகன்கள் இருட்டில் வந்து சாமி படங்களையும் என் பள்ளிக்கூட ஆல்பங்களையும் மேல்மாடிக்குத் தூக்கிப்போனார்கள். அவர்கள் வீட்டிலும் தண்ணீர்தான், நம் வீட்டையும் நினைத்திருக்கிறார்கள். அதிலிருந்து அக்டோபர் தாண்டி இருப்பதில்லை. கிளம்பும் முன் தரையில் இருப்பதையெல்லாம் மேலே ஏற்றிவிட்டுத்தான் பூட்டுகிறோம். கேஸை மூடி, பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள்.

செலவைச் சமாளிப்பது எப்படி?

மாதம் 500 வெள்ளி தனிக்கணக்கில் போகிறது. டிக்கெட்டை ஏப்ரலிலேயே எடுத்துவிடுகிறோம். டிக்கெட் நாங்கள் எடுப்பது, அங்கே சாப்பாடு அவர்கள் பார்ப்பது என்று முதல் வருடமே பேசிக்கொண்டோம். பணப் பேச்சை முதலிலேயே முடித்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

துணை இல்லாதவர் தனியாகப் போகலாமா?

போகலாம். என் அண்ணி 71 வயதில், அண்ணன் இறந்த அடுத்த வருடம், தனியாக மகனிடம் போய் வந்தார். கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம், ஏறக்குறைய 14 மணி நேரம். நடுவில் இறங்கி மாற வேண்டியதில்லை. டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிட வேண்டும். நடக்க முடிந்தாலும் கேளுங்கள், ஹீத்ரோவில் நடை மிக நீளம், உதவிக்கு வருகிறவர் இமிகிரேசன் தாண்டி வெளியே கொண்டுவந்து விடுவார். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லுங்கள், கால் வீங்காது.

அங்கிருந்து கிளம்புகிற நாளை எப்படித் தாங்கிக்கொள்கிறீர்கள்?

விமான நிலையத்துக்கு யாரையும் வர விடுவதில்லை. லெஸ்டர் ஸ்டேஷனில் சொல்லிக்கொள்வோம், ரயில் வந்து இரண்டு நிமிடம்தான் நிற்கும். அதற்கு முந்தின இரவு எல்லோரும் சேர்ந்து அடுத்த வருடத் தேதியை முடிவு செய்வோம். பேத்தி அதை அவர்கள் வீட்டுக் காலண்டரின் கடைசிப் பக்கத்தில் எழுதுவாள். நான் பட்டர்வொர்த் வந்ததும், பாத்திரக்கடைச் சீனர் வருடக் கடைசியில் தரும் குதிரைப் படம் போட்ட புதுக் காலண்டர் கைக்கு வந்த உடனே, செப்டம்பர் தாளைத் திருப்பி அதே தேதியில் சிவப்பு மையால் வட்டம் போடுவேன். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைப்பார்கள். அதுவரை நமக்கும் அவர்களுக்கும் ஏழு மணி நேர வித்தியாசம், அதற்குப் பிறகு எட்டு. அதனால் திரும்பி வந்த முதல் வாரம், இரவு பத்தரைக்கு வழக்கமாக வரும் அழைப்பு பதினொன்றரைக்கு வரும். விழித்திருப்போம்.